கேட்காத பக்கம்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. தலைமையாசிரியர் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவர் வரும்வரை பணிமூப்பில் முதலில் இருப்பவர் பொறுப்பு பார்க்க வேண்டுமாம். அது நான்தான். இருபது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடம் எடுத்தவளுக்கு இன்றிலிருந்து கையெழுத்துப் போடுவதும் கணக்குச் சொல்வதும் வேலை.

ஒரு மாதத்தில் ஆள் வந்துவிடும் என்கிறார்கள். அதுவரை இருப்பதை இருந்தபடி பார்த்துக்கொண்டு ஒப்படைத்தால் போதும். எதையும் மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை.

காலையில் வராந்தாவில் கணக்கு ஆசிரியர் நாச்சிமுத்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். "வணக்கங்க சார்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பணிமூப்பில் அவர் எனக்கு அடுத்த ஆள். இந்த நாற்காலி அவருக்கு வரவில்லை என்ற வருத்தமாக இருக்கலாம். ஆசிரியர் அறையில் எல்லாரும் அவரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். யார் முதலில் அப்படிச் சொன்னது என்று நினைவில்லை. மதியம் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டு மூன்று வருடமாகவே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "ஹெச்.எம். அம்மாவுக்குக் காப்பியா, டீயா?" என்று கிண்டல் செய்தார். மாவு தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு உப்புமா.

ஜூன் 24, திங்கள்

என் பொறுப்பில் முதல் திங்கட்கிழமைக் கூட்டம். பழைய தலைமையாசிரியர் எப்படி நடத்துவாரோ அப்படியே நடத்தினேன். அவர் மேசைக்குப் பின்னால் இருப்பார், நாங்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தோற்றார்களோ அந்த ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் பெயர் வராதவரை தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இன்று மேசைக்குப் பின்னால் இருந்தது நான் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"நாச்சிமுத்து சார், போன வருசம் பத்தாவதுல கணக்குல ஏனுங்க இத்தன பேர் போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

எழுந்து நின்றார். "போன வருசத்துதே ரெண்டு பெட்டி மீதி இருக்குதுங்க. சாக்பீஸ் இப்போதைக்கு வேண்டாங்க" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "குசும்பப் பாரு" என்றாள் இந்திராணி. சமூக அறிவியல் எடுப்பவள், என்னோடு ஒரே நாளில் இந்தப் பள்ளிக்கு வந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். நாச்சிமுத்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகத் தானும் சிரித்தார்.

முதல் கூட்டத்திலேயே என்னைக் கேலிப் பொருளாக்கிவிட்டார்.

ஜூலை 3, புதன்

ஆங்கில ஆசிரியை ஷபானா இந்த வாரத்தில் இரண்டாவது தடவையாகத் தாமதம். போன வருடம் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த பெண். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "பசங்களே மணிக்கு வந்தர்றாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க கஷ்டம்?"

"சாரி மேடம்" என்றாள்.

என் குரல் எனக்கே யாருடைய குரலோ போல் இருந்தது. தொண்டை சரியில்லை. மிளகு கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

மதியச் சாப்பாடு என் அறையிலேயே. ஆசிரியர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். சிரிப்பு நின்றுவிட்டது. குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மாவட்டத் தேர்ச்சி ஆய்வுக் கூட்டம். பள்ளி வாரியாக எழுந்து நிற்கச் சொன்னார்கள். கணக்கில் எங்கள் பள்ளி கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது.

"மேத்ஸ் யாரு?" என்றார் அதிகாரி. சொன்னேன்.

"எத்தன வருசமா இருக்காரு?"

சொன்னேன்.

"வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்கம்மா. நிர்வாகக் காரணம்னு போட்டாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இறங்கும்போது நடத்துநர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஜூலை 15, திங்கள்

நாச்சிமுத்து சாரை அறைக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மேசையில் இருந்த ஏதோ பைலைப் புரட்டிக்கொண்டே பேசினேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"சரிங்க" என்றார்.

"மாறுதலுக்கு எழுதச் சொல்றாங்க சார்."

"சரிங்க."

"இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

"சரிங்க டீச்சர்."

எழுந்து போய்விட்டார். நான் ஒரு ஆளாகவே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஆத்திரத்தில் மாறுதல் கடிதத்தை எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடாமல் இழுப்பறையில் வைத்துவிட்டேன். முத்திரை மை காய்ந்திருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

மாறுதல் கேட்டு எழுதுவதானால் அவருடைய வகுப்பை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் போய் ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். காரணிப்படுத்துதல் நடந்துகொண்டிருந்தது. பலகையில் அவர் எழுத்து அச்சடித்ததைப் போல் இருக்கும். முதுகை எங்களுக்குக் காட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

நடு வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், அந்த மைனஸ் எப்படிங்க பிளஸ் ஆச்சு?" என்று கேட்டான். சார் எழுதிக்கொண்டே இருந்தார். இன்னும் சத்தமாகக் கேட்டான். எழுதிக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. முதல் பெஞ்சிலிருந்து தர்ஷிகா என்கிற பெண் எழுந்தாள். பலகையின் ஓரத்தில் சின்னதாக, 'மூணாவது வரி, மைனஸ்?' என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சார் அதைப் பார்த்தார். "அட, நல்ல கேள்வி" என்று திரும்பி நின்று, கேட்ட பையனைக் கண்ணாலேயே தேடிப் பிடித்து, அவ்வளவு தெளிவாக விளக்கினார். என் பள்ளிக் காலத்தில் எனக்கு அப்படி ஒருவர் சொல்லித் தந்திருந்தால் நான் கணக்கே படித்திருப்பேன்.

வகுப்பு முழுக்க இப்படியே நடந்தது. கேள்வி பின்னாலிருந்து பெஞ்சு பெஞ்சாக முன்னால் போகிறது. தர்ஷிகா எழுதுகிறாள். அவர் பதில் சொல்கிறார்.

என் பக்கத்தில் இருந்த பையன் ஒரு வரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "கேளேன்டா" என்றேன் மெதுவாக.

"வேண்டாங்க டீச்சர். எனக்கு நெறய டவுட்டுங்க. எல்லாத்தையும் அவ எழுதிட்டிருந்தா சாருக்குப் பாடம் முடியாதுங்க" என்றான்.

மணி அடித்ததும் தர்ஷிகாவை வராந்தாவில் நிறுத்தினேன்.

"என்ன கண்ணு இது?"

தரையைப் பார்த்தாள். "சாருக்குக் காது கேக்காதுங்க டீச்சர். எடது காது சுத்தமா இல்லீங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் கேக்குமுங்க. மொகத்தப் பாத்துப் பேசுனா வெளங்கிக்குவாருங்க."

"எப்பத்துல இருந்து?"

"நாங்க ஏழாவது வந்தப்பவே அப்படித்தானுங்க. அப்ப பத்தாவது படிச்ச அக்காங்கதான் இப்படி எழுதச் சொல்லிக் குடுத்தாங்க."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா சாரை மாத்திருவீங்கல்லங்க."

ஜூலை 24, புதன்

எதுவும் ஓடவில்லை. மூன்று வருடம் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு மணி டீ குடித்திருக்கிறேன். என் பக்கம் அவருடைய இடது காது.

மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசித்துவைத்திருந்த அத்தனை வாக்கியமும் மறந்துவிட்டது.

"சார், உங்களுக்குக் காது கேக்குதுங்களா?"

கை அப்படியே நின்றது. "சளிங்க டீச்சர். மழைக்காலம் வந்தா அடைச்சுக்கும்."

"நான் உங்க கிளாசுல உக்காந்திருந்தேன் சார்."

ரசக் கிண்ணத்தை மூடி வைத்தார். "பசங்க சொல்லீருக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும்" என்றார். "அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமுங்க. தெரியாத மாதிரியே ரெண்டு பேரும் ஓட்டிட்டிருக்கோம்."

பிறகு தானாகவே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் காட்டினாராம். நரம்பில் கோளாறு, கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். வாங்கியும்விட்டார். வீட்டில் மட்டும் மாட்டிக்கொள்வாராம்.

"இங்க ஏனுங்க மாட்டல?"

சிரித்தார். "திங்கக்கிழமைக் கூட்டத்துல இருந்துட்டு நீங்களே இப்படிக் கேக்கறீங்க? பாடத்துக்கே நிக்க வெக்கறாங்க. காதையும் சேத்து நிக்க வெக்கறதுக்கா? ரிட்டையராக மூணு வருசம் இருக்குது டீச்சர் எனக்கு. எப்படியோ தள்ளீட்டுப் போயிரலாம்னு பாத்தேன். உங்களுக்குக்கூட வணக்கம் சொல்லாம போயிருப்பேன். மனசுல வெச்சுக்காதீங்க."

நான் போன திங்களுக்கு முந்தின திங்கள் பைலைப் பார்த்துக்கொண்டே பேசியதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நீங்களாகச் சொல்கிறவரை நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் டப்பாவில் இருந்த கத்தரிக்காய்ப் பொரியலைப் பாதி அவருக்கு வைத்தேன்.

சாயங்காலம் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். வேண்டாத காகிதம் ஒன்றிரண்டைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 29, திங்கள்

கூட்டத்தை நூலக அறைக்கு மாற்றினேன். கேட்டவர்களிடம் என் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்றேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிய வேண்டும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக்கூடாது என்றேன்.

"ஏ கோகிலா, மோதிரம் ஒளிச்சு வெளையாடப் போறமா?" என்றாள் இந்திராணி.

நாச்சிமுத்து சார் என்னைப் பார்த்தார். எதற்கு இந்த வட்டம் என்று அவருக்கு மட்டும் புரிந்தது.

யாரையும் நிற்க வைக்கவில்லை. "அவங்கவங்களுக்கு என்ன சிரமம்னு சொல்லுங்க" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிரமம் என்று சொன்னால் அடுத்த வாரம் அதையே திருப்பிக் கேட்பார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம்.

வேறு வழியில்லாமல் நானே ஆரம்பித்தேன். ஆன்லைனில் தினமும் வருகைப் பதிவு ஏற்றுவது எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்குப் போய் இவரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் ஏற்றுகிறேன், யாராவது சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஷபானா, "நான் சொல்லித் தரேன் மேடம்" என்றாள்.

அவ்வளவுதான் இன்றைய கூட்டம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஷபானா சொல்லித் தந்து இப்போது பதிவு ஏற்ற வருகிறது. பொறுமையான பெண். இன்று வட்டத்தில் அவளே வாயைத் திறந்தாள்.

"மேடம், நான் லேட்டா வர்றது வேணும்னு இல்ல. எட்டு மணி பஸ்ஸ நிறுத்திட்டாங்க. அடுத்த பஸ் பிடிச்சு, ரவுண்டானாவுல எறங்கி, மாறி வரணும்."

"எந்த ரவுண்டானாம்மா?" என்றார் தமிழாசிரியர் கந்தவேல். சொன்னாள். "அட, நான் தெனமும் கார்ல அந்த வழியாத்தானே வர்றேன்! எம் பொண்டாட்டியும் கூட வர்றா, பேங்க்ல எறங்கிக்குவா. பின்னாடி சீட்டு சும்மாதான் வருது. இதைச் சொல்லவே இல்லையேம்மா நீ?"

"நீங்க யாரும் கேக்கவே இல்லையே சார்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஜூலை மூன்றாம் தேதி ஞாபகம் வந்தது. கூட்டம் முடிந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண்ணில் தூசி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். மாறுதல் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அனுப்புகிறேன் என்றேன். எதை அனுப்புவது?

ராத்திரி இவரிடம் சொன்னேன். "நீ தற்காலிகப் பொறுப்புதானே? புதுசா வர்றவரு பாத்துக்கட்டும்னு விட்டுரு" என்றார். சரி என்றேன். பிறகு தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாச்சிமுத்து சார் காதில் கருவியோடு வந்தார்.

காலையில் வராந்தாவில் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கடைசிப் பிரிவேளையில் வட்டமாக உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணுங்க. எனக்கு மூணு வருசமாக் காது கேக்கறதில்ல. இத மாட்டுனாக் கொஞ்சம் கேக்கும். மொகத்தப் பாத்து மெதுவாப் பேசுனீங்கன்னா நல்லாவே கேக்கும். இத்தன நாள் சொல்லாம இருந்தது என்ர தப்புத்தான்."

ஒருவராவது ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். இந்திராணி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வெச்சேனே சார்? முந்தின நாளே வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்னு சொன்னேனே? 'ஆகட்டும்'னு சொல்லிட்டு எட்டிக்கூடப் பாக்கல. இவருக்கு என்ன கெட்டது பண்ணீட்டோம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் எத்தன நாள் பேசீருப்போம் தெரியுங்களா?"

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்டபம் வரைக்கும் வந்தேனுங்க" என்றார். "உள்ள மேளச் சத்தம். யார் என்ன கேட்டாலும் மாத்திச் சொல்லி, நாலு பேர் சிரிச்சா உங்க வீட்டு விசேசத்துல நல்லா இருக்காதுன்னு, வாசல்லயே நின்னு பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துட்டுத் திரும்பீட்டேன்."

இந்திராணி உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிடாமயா போனீங்க?" என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இந்தத் தடவை எல்லாரோடும் சேர்ந்தே சிரித்தார்.

பள்ளி விட்டதும், மாறுதலுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று இரண்டே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். முத்திரை நன்றாகவே விழுந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

கருவி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது தப்பு. வகுப்பறைச் சத்தத்தில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாக விழுகிறதாம். இரண்டாம் நாளே தலைவலி என்றார். பெஞ்சுகளைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டு எல்லாப் பிள்ளைகளும் அவர் முகத்துக்கு நேராக வரும்படி செய்தோம். கேட்கிற பிள்ளை எழுந்து நின்றுதான் கேட்க வேண்டும். இப்போது பாதிக்கு மேல் பிடிபடுகிறது.

கணக்கில் பின்தங்கிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு. அங்கே அவருக்குக் கேட்காததை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றதும் இந்திராணி கையைத் தூக்கினாள்.

"உனக்குத்தான் கணக்குன்னாலே ஆகாதே?" என்றேன்.

"அதுதான் நல்லது. அந்தப் பசங்களுக்குப் புரியாதது எனக்கும் புரியாது. நான் வாய் விட்டுக் கேட்டுருவேன், அவுங்க கேக்க மாட்டாங்க."

இன்று எட்டிப் பார்த்தேன். இந்திராணி பிள்ளைகளுக்கு நடுவில் நோட்டை வைத்துக்கொண்டு, "இருங்க சார், இருங்க, எக்ஸு எங்க போச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

கந்தவேல் ஐயா, எட்டாம் வகுப்பு பி பிரிவைத் தன்னால் கட்டுப்படுத்தவே முடியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இருபது வருட அனுபவம் உள்ளவர். நான் பதறிப்போனேன். அவர் நிம்மதியாக டீயைக் குடித்தார். உடற்கல்வி ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் அந்த வகுப்பில் கூட வந்து உட்காருகிறேன் என்றார்.

மதியம் இப்போதெல்லாம் ஆசிரியர் அறையில்தான் சாப்பாடு. நாச்சிமுத்து சாரும் வருகிறார். அவர் வீட்டு எள்ளுத் துவையலுக்குச் சண்டை நடக்கிறது.

அக்டோபர் 9, புதன்

காலாண்டு விடைத்தாள் திருத்தி முடிந்தது. கணக்கில் முன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து 'நெறய டவுட்டுங்க' என்ற பையன் மறுபடி தோற்றிருக்கிறான், ஆனால் ஒரு கணக்கை முழுக்கச் சரியாகப் போட்டிருக்கிறான். சார் அந்தத் தாளை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடி ஆய்வுக் கூட்டம். போவதற்கு முன்னால் நாச்சிமுத்து சாரிடம் கேட்டேன். "சொல்லுங்க டீச்சர். இனி ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது" என்றார்.

எங்கள் பள்ளியின் பெயர் வந்தது. எழுந்து நின்றேன்.

"மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்கன்னா, பரிந்துரைக்கலைன்னு எழுதி அனுப்பறீங்க? என்னம்மா இது?"

"அவருக்குக் காது கேக்காதுங்க ஐயா. அது எங்க பன்னெண்டு பேருக்கும் மூணு வருசமாத் தெரியல. இப்பத் தெரிஞ்சு எல்லாரும் சேந்து ஒரு வழி பண்ணீருக்கோம். அவரு நல்ல ஆசிரியருங்க. இந்த வருசம் எங்களுக்கு அவரு வேணும்."

"தேர்ச்சி வரலைன்னா யாரு பொறுப்பு?"

"நான்தானுங்க. எழுதிக்கோங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார், எதிரே இருந்த தாளைப் பார்த்தார். "பொதுத்தேர்வு வரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்.

வெளியே வரும்போது வேறு பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். பெயர்கூடத் தெரியாது. "எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒரு சார் இருக்காருங்க" என்றாள். "யாரோடவும் பேச மாட்டாரு. திமிருன்னே வெச்சிருந்தோம். காதுதானான்னு தெரியலீங்க. வேற என்னமோகூட இருக்கலாம். திங்கக்கெழமை போய்க் கேட்டுப் பாக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

புதிய தலைமையாசிரியர் வந்துவிட்டார். வேதமாணிக்கம், நாகர்கோவில் பக்கம். முதல் கூட்டத்திலேயே, "நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளு. வேலையில தப்பு வந்தா பொறுத்துக்க மாட்டேன்" என்றார். எல்லார் முகமும் பழையபடி தரைக்குப் போனது.

சாவியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தேன். பாரம் இறங்கிவிட்டது, நிம்மதி என்று எல்லாரிடமும் சொன்னேன். இந்திராணி மட்டும், "அப்பறம் ஏன்டி மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள். பல் வலி என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. இன்று ஆங்கிலம். வினாத்தாள் கட்டுகளுக்கு ஷபானா பொறுப்பு. காலையில் ஆசிரியர் அறைக்குள் வந்தவள் முகம் வெளுத்துக் கிடந்தது. கையில் ஒரு கட்டு. அவசரத்தில் ஆங்கிலக் கட்டுக்குப் பதிலாக அடுத்த வாரத்துக் கணக்குக் கட்டின் முத்திரையைப் பிரித்துவிட்டாளாம்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்றார் கந்தவேல் ஐயா.

"இல்ல சார். பசை போட்டு ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது." கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். அப்புறம்தான் இது இனி என் வேலை இல்லை என்பது உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"சார்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள் ஷபானா.

"இரும்மா, நானும் வர்றேன்" என்று நாச்சிமுத்து சார் எழுந்தார். "கணக்குக் கட்டு. எனக்கும் கேக்கற உரிமை இருக்குது."

இரண்டு பேரும் போனார்கள். நாங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போயிற்று. தலைமையாசிரியர் அறையில் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்களையும் கூப்பிட்டார். எல்லார் முன்னிலையிலும் கட்டுக்கு மறுபடி முத்திரை வைத்து, எங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் சொல்லியாயிற்றாம், மாற்று வினாத்தாள் அனுப்புகிறார்களாம்.

தேர்வு அமைதியாக முடிந்தது. மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேதமாணிக்கம் சார் வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய டப்பா. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். ஷபானா நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்தஞ்சு வருச சர்வீஸுல, தப்பு பண்ணின கையோட வந்து சொன்ன முதல் ஆளு இந்தப் பிள்ளைதான்" என்றார். "இங்க யாருக்கும் பயமே கிடையாதா?"

இந்திராணி அவர் டப்பா மூடியில் துவையலை வைத்தாள்.

"இருக்குதுங்க சார்" என்றாள். "பயந்துட்டேதான் வந்து சொல்லுவோம்."